ஒன்பது நிமிட வேதபாடம்: ஓர் ஒலிப்பதிவு அறையின் கணக்கு

வேதாகமத்திலுள்ள தீத்து நிருபத்தைப் பற்றிய எங்கள் பாடவரிசையின் கடைசிப் பாடத்துக்கான பதில்கள் சென்ற வாரம் முழுவதுமாக வந்து சேர்ந்துவிட்டன. வளைகுடா நாடுகளில் ஆலயக் கட்டடம் எதுவுமின்றிச் சிறு கூடுகைகளை நடத்திவரும் தமிழ்ச் சகோதரர்களுக்கு, மயிலாடுதுறைக்கும் பொறையாறுக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரிலிருந்தே இணையவழியில் வேதாகமப் பயிற்சி கொடுக்க முடியுமா என்று தொடங்கிய வேலை, வடிவம் மாறி மாறி ஒருவழியாக நிலைத்திருக்கிறது. இதே வேலையில் இறங்க நினைக்கும் சபைகள் எங்களிடம் விவரம் கேட்பதால், நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். மாணவர்களின் பெயரோ, ஊரோ, எண்ணிக்கையோ இதில் வராது. கருவிகளும் அளவுகளும் செலவும் ஒளிவுமறைவின்றி வரும்.

வளைகுடா நாடுகள் எல்லாம் ஒரே நிலையில் இல்லை. குவைத், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றில் அனுமதி பெற்ற ஆலய வளாகங்கள் உண்டு. கத்தாரில் முதல் ஆலயம் 2008இல்தான் திறக்கப்பட்டது. சவூதி அரேபியாவில் ஆலயமே கிடையாது. ஆலயம் உள்ள நாடுகளிலும், நகரத்துக்கு வெளியே தொழிலாளர் முகாமில் தங்கியிருப்பவர் அங்கே போய்வர வண்டிக்காசும் அரைநாள் ஓய்வும் வேண்டும். ஆகவே முகாம் அறைகளிலேயே நாலைந்து பேர் கூடி ஜெபிக்கிறார்கள். அவர்களில் ஊரில் ஞாயிறு பள்ளி நடத்தியவரோ, வேதாகமத்தைச் சரளமாக வாசிக்கத் தெரிந்தவரோ தாமாகவே தலைவராகிவிடுகிறார். எங்கள் மாணவர்கள் இப்படிப்பட்டவர்கள்: ஓட்டுநர், மின்பணியாளர், சமையல்காரர், ஏசி மெக்கானிக். இறையியல் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் படிக்க இவர்களுக்கு வழியில்லை. ஆனால் அறையில் ஒருவர் இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்பும்வரை மற்றவர்களைத் தேற்றுவதும், சம்பளம் மூன்று மாதம் வராதபோது கூட இருப்பவர் நம்பிக்கை இழக்காமல் பார்த்துக்கொள்வதும் இவர்கள் தலையில்தான் விழுகின்றன.

பாடம் எடுக்கச் சம்மதித்தவர் எங்கள் வட்டாரத்தில் ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர். கிராமத்து உபதேசியார்களுக்குப் பல ஆண்டுகள் விரிவாக்கக் கல்வி முறையில் பாடம் நடத்தியவர். 1963இல் குவாத்தமாலாவில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் செமினரி தொடங்கிய முறை அது: மாணவரைக் கல்லூரிக்கு அழைக்காமல் பாடத்தை அவர் இருக்கும் இடத்துக்கு அனுப்புவது, தனியே படிப்பது, வாரம் ஒருமுறை கூடிப் பேசுவது, படித்ததைத் தன் சபையில் செய்து பார்ப்பது. படிப்பது, கூடிப் பேசுவது, செய்து பார்ப்பது என்ற மூன்று கால்களில் எது குறைந்தாலும் படிப்பு நிலைக்காது என்பது ஆயர் ஐயாவின் அனுபவம். நான் இதைத் தொடக்கத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கருவிகளின் மேல்தான் கண்.

முதலில் நடத்தியது நேரலை வகுப்பு. ஜூம் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடத்தில் தானாக முடிந்துவிடும். அதுவே போதும் என்று இருந்தோம். நமக்கு இரவு 9.30 என்றால் சவூதியில் 7 மணி, அமீரகத்தில் 8 மணி. தாளில் எழுதிப் பார்த்தால் எல்லாருக்கும் தோதான நேரம். நடப்பில் பாதிப் பேர் இரவுப் பணியில் இருந்தார்கள். மீதிப் பேர் எட்டுக் கட்டில் போட்ட அறையில், மற்ற ஏழு பேர் சாப்பிட்டுக்கொண்டும் ஊருக்குப் பேசிக்கொண்டும் இருக்கும் நேரத்தில், கைப்பேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வார விடுமுறையும் ஒன்றாக இல்லை. அமீரகத்தில் 2022 ஜனவரியிலிருந்து அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை ஆகிவிட்டது, கட்டுமானத் தொழிலாளிக்கோ கம்பெனி சொல்வதுதான் விடுமுறை. எங்கள் பக்கத்தில் மின்சாரம் போனால் மோடமும் போனது. இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், ஒரே திரையில் அத்தனை பேருடைய பெயரும் வரிசையாகத் தெரிந்தது. ஒருவர் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பது மற்றவருக்குத் தெரியாது. வாய் திறந்து கேள்வி கேட்க எவரும் துணியவில்லை. ஆயர் ஐயா மட்டும் 40 நிமிடமும் பேசினார்.

அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு இயங்காது என்பதால், விபிஎன் (இணையத் தடையைத் தாண்ட உதவும் மறைவழி) போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. அந்த நாட்டில் ஒரு குற்றத்தைச் செய்யவோ மறைக்கவோ விபிஎன் பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. எது குற்றமாகக் கொள்ளப்படும் என்பதை இங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நாம் தீர்மானிக்க முடியாது. மாணவர் தம் சொந்தப் பொறுப்பில் என்ன செய்கிறார் என்பது வேறு; பாடத்தைக் கேட்க அது கட்டாயம் என்ற நிலையை நாம் உண்டாக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தோம். இந்த ஒரு விதி பின்னால் வந்த எல்லாத் தேர்வுகளையும் எளிதாக்கிவிட்டது.

அடுத்து மூடில். பல கல்லூரிகள் பயன்படுத்தும் இலவசக் கற்றல் தளம் அது. மாதம் 480 ரூபாய் வாடகையில் ஒரு சிறிய சர்வர் எடுத்து, மதத்தைக் காட்டாத ஒரு டொமைன் பெயரும் வாங்கி, நிறுவி முடித்தேன். பாடம், கேள்வித்தாள், மதிப்பெண், யார் எதுவரை படித்தார் என்ற வரைபடம் எல்லாம் பார்க்க அழகாக இருந்தன. அதை வடிவமைத்த நாட்களில் எனக்கிருந்த உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்குகூட மாணவர்களுக்கு இல்லை. ஒருவர் அனுப்பிய செய்தி இது: “பிரதர், பாஸ்வேர்டு மறந்துபோச்சு. மெயிலும் திறக்க மாட்டேங்குது. பாடத்த வாட்ஸ்அப்லயே அனுப்பிடுங்களேன்.” மின்னஞ்சல் முகவரி என்பது கைப்பேசி வாங்கியபோது கடைக்காரர் உண்டாக்கிக் கொடுத்த ஒன்று, அதற்கு அப்புறம் அவர் அதைத் தொட்டதே இல்லை.

அந்தத் தளத்தை மூடவைத்தது கடவுச்சொல் அல்ல. நிர்வாகி பக்கத்தில் பதிவேட்டைத் திறந்தால், எந்தக் கணக்கு, எந்த நாள், எந்த நிமிடம், எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் எண்), எந்தப் பாடத்தைத் திறந்தது என்று வரிவரியாக நின்றது. கல்லூரிக்கு அது வருகைப்பதிவு. நமக்கு அது, யார் எங்கே இருந்து வேதம் படிக்கிறார் என்ற பட்டியல். அதுவும் நான் நேரில் பார்த்திராத ஒரு கணினியில் இருக்கும் பட்டியல். பதிவுகளைச் சுருக்கவும் அழிக்கவும் அமைப்புகள் உண்டு என்றாலும், வெப் சர்வர் தன் பங்குக்கு வேறொரு பதிவேடு வைத்திருக்கும். எல்லாவற்றையும் அழித்துச் சர்வரையும் விட்டுவிட்டோம்.

தனிச் செயலி செய்யலாம் என்ற பேச்சும் இடையில் எழுந்தது. சீனாவில் 2021 அக்டோபரில் ஆப்பிள் கடையிலிருந்து ஒரு வேதாகமச் செயலி இல்லாமல் போனதையும், 2022 மார்ச் 1 முதல் இணையத்தில் மதச் செய்தி வெளியிட அங்கே அரசு உரிமம் கட்டாயமானதையும் ஆயர் ஐயாவின் மகன் எடுத்துச் சொன்னார். நம் மாணவர்கள் சீனாவில் இல்லை. ஆனாலும் கடையில் வைத்த பொருளைக் கடைக்காரர் எந்த நாளும் எடுத்துவிடலாம். தவிர, கைப்பேசித் திரையில் நிற்கும் அந்தச் சின்னம் படுத்திருப்பவர் தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பவருக்கும் தெரியும். அந்த யோசனையை அதற்குமேல் வளர்க்கவில்லை.

மீந்தது, மாணவர் கேட்டதே: பாடத்தை ஒலியாக்கி, அவர் ஏற்கெனவே அம்மாவோடும் மனைவியோடும் பேசப் பயன்படுத்தும் அதே வழியில் அனுப்புவது. குரல்செய்தி கேட்பது எவர் கண்ணையும் உறுத்தாது. காதில் ஒரு ஒயர் இருந்தால் போதும்.

இங்கேதான் என் வேலை சூடுபிடித்தது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் 10 அடிக்கு 8 அடி அளவில் விதைநெல் வைக்கும் அறை ஒன்று சும்மா கிடந்தது. கான்கிரீட் கூரை, சிமெண்டுச் சுவர், வயலைப் பார்த்த ஒரே ஜன்னல். உள்ளே நின்று கை தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் போய்த் திரும்பியது. முதலில் 2,800 ரூபாய்க்கு யூஎஸ்பி கண்டென்சர் மைக் ஒன்று வாங்கினேன். அது நேர்மையான மைக். ஆயர் ஐயாவின் குரலையும், பக்கத்து வீட்டு மிக்ஸியையும், வரப்பில் போன டிவிஎஸ் 50ஐயும் சமமாகவே பதிவு செய்தது. அதை ஓரங்கட்டிவிட்டு டைனமிக் மைக் ஒன்று 3,400 ரூபாய்க்கும், அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இண்டர்ஃபேஸ் ஒன்று 6,900 ரூபாய்க்கும், தாங்கியும் கேபிளும் 1,350 ரூபாய்க்கும் வாங்கினோம். டைனமிக் மைக்கில் வாயை நாலு விரற்கடை தூரத்தில் வைத்துப் பேசவேண்டும். தள்ளிப்போனால் குரல் மெலிந்துவிடும். அந்தக் குறையே நமக்கு நிறை, ஏனென்றால் தூரத்துச் சத்தமும் சேர்ந்தே மெலிந்துவிடுகிறது.

எதிரொலியை அடக்கச் சுவரில் கோரைப்பாய்களை மாட்டினேன். கை தட்டினால் கேட்ட கூர்மை சற்று மழுங்கியதே தவிர, அறையின் முழக்கம் போகவில்லை. பிறகு இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைக் கட்டிலிலிருந்து கொண்டுவந்து மைக்குக்குப் பின்னால் நிறுத்தினேன். அதிலும் பெரிய மாற்றமில்லை. அதே மெத்தைகளைப் பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தியபோது குரல் சட்டென்று காதருகே வந்தது. காரணம் எளியது: இந்த வகை மைக் தன் முன்பக்கத்தைத்தான் கேட்கிறது, அதன் முன்பக்கம் என்பது பேசுபவரும் அவருக்குப் பின்னால் உள்ள சுவரும். மெத்தை வாங்கச் செலவில்லை. பதிவு நடக்கும் இரவுகளில் எங்கள் வீட்டில் சிலர் பாயில் படுக்க நேர்ந்தது. ‘ப’, ‘ஃப’ வரும் இடத்தில் மூச்சுக் காற்று மோதாமல் இருக்க, எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால் வைத்தோம்.

ஜன்னல்தான் கடைசிவரை மல்லுக்கு நின்றது. டெல்டாவில் ஒலிப்பதிவு செய்ய நினைப்பவர் பஞ்சாங்கத்தைவிடப் பயிர்வரிசையைப் பார்க்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வயலெல்லாம் தண்ணீர்; பொழுது சாய்ந்ததும் தவளையும் சில்வண்டும் தொடங்கினால் விடியும்வரை ஓயாது. தையில் சம்பா அறுவடை இயந்திரம் இரவிலும் விளக்குப் போட்டு ஓடும். சித்திரை, வைகாசியில் குறுவை நாற்றங்காலுக்குப் போர்செட் மோட்டார்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்குக் காத்திராமல் ஆழ்குழாய் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே இறைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒலிபெருக்கி எல்லா மாதத்திலும் உண்டு. அதில் எங்கள் சபையின் லெந்து காலக் கூட்டங்களும் சேர்த்தி என்பதால் அடுத்தவரைக் குறை சொல்ல வாயில்லை. சம்பா அறுத்த தாளுக்கிடையில் உளுந்தும் பயறும் நிற்கும் மாசிப் பிற்பகுதியும் பங்குனியும்தான் வயல் பேசாதிருக்கும் காலம்: தண்ணீர் இல்லை, தவளை இல்லை, இயந்திரம் இல்லை.

நாங்கள் பதிவைத் தொடங்கியது கார்த்திகையில். சில்வண்டின் கீச்சொலி பேச்சில் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் இருக்கும் அதே உயர் அலைவரிசைப் பகுதியில் உட்கார்ந்துகொள்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த நிரலில் இரைச்சல் நீக்கியை அழுத்திப் போட்டபோது சில்வண்டோடு சகரமும் போய், ஆயர் ஐயா குளத்துக்குள் முங்கிக்கொண்டு பேசுவதுபோல் ஆனது. அந்தப் பதிவுகள் எவையும் மாணவருக்குப் போகவில்லை. மாசியில் அறுவடை முடிந்து வைக்கோலை இயந்திரம் உருளை உருளையாகக் கட்டிப் போட்டிருந்தபோது, கட்டு 70 ரூபாய் வீதம் 12 கட்டு, 840 ரூபாய்க்கு வாங்கி, ஜன்னலுக்கு வெளியே இரண்டு வரிசையாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினேன். பேச்சுச் சத்தம், பறவை, வண்டி ஹாரன் எல்லாம் வெகுவாகக் குறைந்தன. மோட்டாரின் அடித்தொனி மட்டும் குறையவே இல்லை, அதற்கு வைக்கோல் போதாது, கனமான சுவர் வேண்டும். வைக்கோலில் எலி குடியேறியது. தீப்பிடிக்கும் பொருள் என்பதால் மின்கம்பியை அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை. மழைக்கு முன் அதை எடுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டோம், ஆகவே அந்த 840 ரூபாயை முழுச் செலவாக எழுதுவது சரியல்ல.

மின்விசிறியை நிறுத்தினால்தான் பதிவு செய்யமுடியும். நிறுத்தினால் பங்குனி வெக்கையில் பத்து நிமிடத்துக்குமேல் அந்த அறையில் எவராலும் உட்கார முடியாது. பாடம் ஒன்பது நிமிடமானதற்கு ஆயிரம் கல்விக் காரணங்கள் சொல்லலாம், முதற்காரணம் வியர்வை. இன்வெர்ட்டரில் ஓடும்போது 50 ஹெர்ட்ஸ் முனகல் ஏறியது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி போட்டாலும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸில் முனகல் மீந்தது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மடிக்கணினியின் பேட்டரியில் மட்டும் ஓடவிட்டபோது அது அடியோடு நின்றது.

ஆயர் ஐயாவைப் பழக்குவதும் ஒரு கட்டம். ஐம்பது ஆண்டு பிரசங்க பீடத்தில் பேசியவர். நின்று, கையை வீசி, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசித்தான் வழக்கம். நாற்காலியில் உட்காரவைத்து, “ஐயா, எதிர்ல ஒரே ஒருத்தர்தான் கட்டில்ல படுத்துக்கிட்டு இருக்கார்னு நெனச்சுக்குங்க” என்று சொன்னபின் குரல் இறங்கியது. வேதாகமத்தின் மெல்லிய தாள் புரளும் சலசலப்பு மைக்கில் பெரிதாக விழுந்ததால், அந்தந்தப் பாடத்தின் வசனங்களை டேப்லெட்டில் பெரிய எழுத்தில் ஏற்றி, விமானப் பயன்முறையில் முன்னால் வைத்தோம். ஒன்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 850 சொற்கள் பிடிக்கும். எழுத்துப்படி இல்லாமல் பேசிய பாடங்கள் எல்லாம் இருபது நிமிடத்தைத் தாண்டி, வெட்டி ஒட்டவேண்டி வந்ததால், பின்பு எழுதாமல் பேசுவதில்லை என்று ஐயாவே சொல்லிவிட்டார்.

தீத்துவை முதலில் எடுத்தது அதன் அளவுக்காகவும் பொருளுக்காகவும்: மூன்றே அதிகாரம், 46 வசனம், கிரேத்தா தீவில் பட்டணந்தோறும் மூப்பரை ஏற்படுத்தும்படி விடப்பட்ட ஒருவருக்கு எழுதப்பட்டது. கல்லூரி இல்லாத இடத்தில் தலைவர்களை உருவாக்குவது எப்படி என்பதே அந்த நிருபத்தின் வேலை. அதைப் பதினான்கு பாடமாகப் பிரித்தோம்.

இனி கோப்பின் எடை. அரைமணி நேரப் பேச்சை வழக்கமான 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஆக்கினால் சுமார் 29 எம்பி ஆகிறது. ஒன்பது நிமிடத்தை ஒற்றைத் தடத்தில், ஓப்பஸ் என்ற சுருக்கு முறையில், 16 கேபிபிஎஸில் சுருக்கினால் 1.1 எம்பிதான். 8 கேபிபிஎஸ் வரை இறக்கிப் பார்த்தேன். ‘ச’வும் ‘த’வும் குழம்பின, பெயர்ச்சொற்கள் புரியவில்லை. 16இல் ‘ழ’, ‘ள’ வேறுபாடுகூடத் தெளிவாக நின்றது. சுருக்கும் முன் உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டாமலும், மொத்த ஒலியளவு மைனஸ் 19 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு) அருகிலும் இருக்கும்படி சமன் செய்தேன். அதைவிடக் குறைந்தால் பஸ்ஸில் கேட்பவருக்குக் கேட்காது. சில பழைய ஆண்ட்ராய்டுகளில் டாட் ஓப்பஸ் என்ற பின்னொட்டோடு போன கோப்பு திறக்கவில்லை. டாட் ஓஜிஜி என்று பெயரை மட்டும் மாற்றியதும் திறந்தது. ஐபோன்காரர்களுக்கு 32 கேபிபிஎஸில், ஏஏசி என்ற வேறொரு சுருக்கு முறையில் தனிப்படி, 2.2 எம்பி.

இந்தச் சுருக்கும் வேலையில் மூழ்கியிருந்தபோது, எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்துத் தரங்கம்பாடி அடிக்கடி நினைவுக்கு வந்தது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1714, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அங்கே அச்சிட்டபோது, ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. அந்த அளவில் அச்சிட்டால் கையிருப்புக் காகிதம் போதாது. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் காகிதம், நமக்கு டேட்டா. சிறிதாக்குவது இங்கே புதிய தொழில் ஒன்றுமில்லை.

கோப்பு வெளியே போகும் முன் அதில் ஒட்டியிருப்பதைக் கழற்றுவது தனி வேலை. பாடத்தோடு அனுப்பிய ஒருபக்கப் பிடிஎஃபின் பண்புகளைத் திறந்தால் என் கணினியின் பயனர்பெயர் ‘ஆசிரியர்’ என்ற இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒலிக்கோப்பில் நிரலின் பெயரும் பாடத் தலைப்பும் இருந்தன. ஒலிக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற கோப்பு மாற்றும் நிரலிலும், பிடிஎஃபுக்கு அதை உருவாக்கும்போதே அமைப்புகளிலும் இவற்றை நீக்கினேன். கோப்புப் பெயர் வெறும் எண். வாட்ஸ்அப் குழு தொடங்கினால் ஒவ்வொருவர் எண்ணும் எல்லாருக்கும் தெரியும் என்பதால் குழு இல்லை; ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்புகிறோம், நேரம் பிடித்தாலும் அதுவே சரி. அனுப்பியபின் தானாக மறையும் அமைப்பை 7 நாளுக்கு வைத்திருக்கிறோம். 24 மணிநேரம் வைத்தபோது இரவுப் பணிக்காரர்கள் பாடத்தைத் தவறவிட்டார்கள், 90 நாள் தேவையில்லாத நீளம். 2024இலிருந்து சிக்னல் என்ற செய்திச் செயலியில் எண்ணைக் காட்டாமல் பயனர்பெயரோடு பேச முடிகிறது. அது இயங்கும் இடங்களில் இருப்பவர்கள் சிலர் அங்கே மாறிக்கொண்டார்கள். இவை எல்லாம் சேர்ந்தாலும் முழுப் பாதுகாப்பு என்று எவரிடமும் நாங்கள் சொல்வதில்லை. சேரும் முன்பே ஒவ்வொருவரிடமும், உங்கள் இடத்தில் எது ஆகும் எது ஆகாது என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும் என்று சொல்லிவிடுகிறோம்.

பாடம் போய்ச் சேர்ந்தது. அதன்பின்னும் சில வாரங்கள் எதிர்ப்பக்கம் அமைதி. “கேட்டேன் பாஸ்டர், ஆசீர்வாதமா இருந்துச்சு” என்பதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. ஆயர் ஐயா அப்போதுதான் தம் மூன்று கால்களை நினைவுபடுத்தினார்: அனுப்புகிறோம், சரி, கூடிப் பேசுவது எங்கே, செய்து பார்ப்பது எங்கே? கேள்விகளில் கோளாறு இருந்தது. ‘கண்காணிக்கு (சபையை மேற்பார்ப்பவருக்கு) இருக்கவேண்டிய தகுதிகள் யாவை’ என்று கேட்டால் முதல் அதிகாரத்தை அப்படியே வாசித்து அனுப்பிவிட முடியும். அதை மாற்றி, ‘சமையல் முறைவைப்பில் உங்கள் அறையில் கடைசியாக வந்த சண்டையில் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஏழாம் வசனத்தை வைத்துக்கொண்டு சொல்லுங்கள்’ என்று கேட்டோம். பதில் எழுத வேண்டாம், மூன்று நிமிடத்துக்குள் பேசி அனுப்பினால் போதும்.

அதற்கப்புறம் வந்தவைதான் பதில்கள். அடையாளம் தெரியாதபடி, அவரிடம் அனுமதி பெற்றே, ஒன்றைச் சொல்கிறேன். “ஐயா, ரூம்ல சீட்டு பிடிக்கிறது நான்தான். கூடுகை நடத்துறதும் நான்தான். ‘இழிவான ஆதாயத்தை இச்சியாதவனும்’னு இருக்கே, அது எனக்கா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். பின்னணியில் பாத்திரம் கழுவும் சத்தம். ஆயர் ஐயா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, வசன விளக்கம் எதுவும் சொல்லாமல் பதில் பேசினார்: “தம்பி, நீ கமிஷன் எடுக்கிறது இருக்கட்டும். சீட்டுல தவணை கட்ட முடியாம போன ஆளு எவனாச்சும், உன் முகத்தப் பாக்கக் கூச்சப்பட்டுக் கூடுகைக்கு வராம நின்னிருக்கானா? அத மட்டும் யோசிச்சு சொல்லு.” அடுத்த பாடத்துக்கான பதிலோடு, ஒருவர் நின்றிருந்தார் என்றும், சீட்டை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டதாகவும் செய்தி வந்தது. பாடத்தில் இல்லாத ஒன்றை அவர் செய்துமுடித்திருந்தார். அதன்பின் ஐயா எழுத்துப்படியைவிடக் கேள்வியை எழுதவே அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

பதில் கேட்பதற்கு ஆகும் உழைப்பைத் தொடக்கத்தில் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஒருவருக்கு மூன்று நிமிடம் கேட்டு, யோசித்து, திரும்பப் பேச ஒரு கால்மணி நேரமாவது ஆகிறது. ஓர் ஆசிரியரால் பத்துப் பன்னிரண்டு பேரைத்தான் இப்படித் தாங்க முடியும். கூடுதலாக விரும்பியவர்களைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறோம். ஒலிப்பதிவை ஆயிரம் பேருக்கு அனுப்பச் செலவில்லை என்பதால் அனுப்பிவிடலாம் என்று வந்த யோசனையை ஏற்கவில்லை. பதில் கேட்க ஆளில்லாத பாடத்துக்கு வானொலியே போதும்; செஷெல்ஸ் தீவிலிருந்து சிற்றலையில் வந்த கிறிஸ்தவ நிகழ்ச்சிகளை 2003இல் அந்த நிலையம் மூடும்வரை இந்தப் பக்கத்தில் பலர் கேட்டுவந்தார்கள்.

செலவைக் கூட்டினால், பயன்படாத முதல் மைக்கையும் வைக்கோலையும் சேர்த்து 15,290 ரூபாய். சர்வர் வாடகை தனி. மறுபடி முதலிலிருந்து தொடங்குவதானால் சர்வரும் முதல் மைக்கும் வேண்டாம். டைனமிக் மைக்கையும் இரண்டு மெத்தையையும் முதல் நாளே வாங்கிவைப்பேன். ஜன்னலை வைக்கோலால் மறைப்பதற்குப் பதில் செங்கல் வைத்து அடைத்துவிடுவதே மேல். விதைநெல்லுக்கு அந்த ஜன்னல் தேவைப்படுமே என்று வீட்டில் ஆட்சேபம் இருப்பதால் அது இன்னும் பேச்சளவில் நிற்கிறது. எல்லாப் பாடங்களையும் மாசி, பங்குனியில் ஒரே மூச்சில் பதிந்துவிட்டு, ஆண்டு முழுவதும் அனுப்பலாம். கேள்விகளை மட்டும் முன்கூட்டிப் பதியாமல், வரும் பதில்களைப் பார்த்து வாரவாரம் பேசி இணைக்கவேண்டும். அதைக் கைப்பேசியிலேயே பேசினால் போதும், தவளை கத்தினாலும் பரவாயில்லை.

அடுத்து முதலாம் பேதுரு, 105 வசனம். எழுத்துப்படி பாதி முடிந்திருக்கிறது. அதோடு வீட்டுவேலைக்குப் போயிருக்கும் சகோதரிகளுக்கென ஒரு தனி வரிசை கேட்கிறார்கள். அதற்கு ஆயர் ஐயாவின் குரல் பொருந்தாது, கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர்களுக்குக் கைப்பேசி கையில் கிடைப்பதே எஜமானர் வீட்டார் உறங்கியபின் என்பதால், ஐந்து நிமிடம், 0.6 எம்பி என்று இறக்கி, அந்த அளவுக்குள் ஒரு பத்தி வேதபாடமும் ஒரு கேள்வியும் அடங்குமா என்று இப்போது பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.